எக்செல்லில் ஜெயித்த ஊர்

2023 மே மாதம், சென்னையில் எங்கள் டீமை மூடப்போவதாகச் சொன்னார்கள். வேலை போகவில்லை. பெங்களூரு, ஹைதராபாத், புனே மூன்றில் எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம், ஆறு வாரத்தில் முடிவு சொன்னால் போதும் என்றார்கள். எனக்கு அப்போது 26 வயது. கல்யாணம் ஆகவில்லை, கடன் இல்லை. சோழிங்கநல்லூரில் பணம் கட்டித் தங்கும் ஒரு பி.ஜி.யில் ஒரு கட்டில், இரண்டு பெட்டி, ஓனருக்குத் தெரியாமல் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. டீமில் என்னோடு இருந்தவர்களில் குடும்பஸ்தர்கள் எல்லாம் இரண்டே நாளில் முடிவு சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடமோ, வீட்டுக்காரர் வேலையோ அவர்களுக்காக முடிவு செய்துவிட்டது. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்த நான்தான் ஐந்து வாரம் தூங்காமல் கிடந்தேன்.

மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலை பார்ப்பவள் என்பதால் எதற்கும் ஓர் அட்டவணை போடுவது பழக்கம். எக்செல்லைத் திறந்து கைக்கு வரும் சம்பளம், பி.ஜி. வாடகை, அட்வான்ஸ், பஸ்-மெட்ரோ, வெயில், சாப்பாடு, ராத்திரி பாதுகாப்பு, தெரிந்தவர்கள், ஊருக்குத் தூரம் என்று ஒன்பது வரிசை போட்டேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியம் என்று ஒரு சதவீதம். ஊருக்குத் தூரம் என்பதற்கு 5 சதவீதம் கொடுத்தேன். வருஷத்துக்கு நாலு தடவை போகிறோம், அதற்கு என்ன பெரிய மதிப்பெண் என்று நினைப்பு. ஊர் என்றால் கோவில்பட்டி. கோயம்புத்தூரையும் ஆசைக்கு நாலாவதாகச் சேர்த்துக்கொண்டேன். எங்கள் கம்பெனிக்கு அங்கே ஆபீஸ் கிடையாது, வேறு வேலை தேடித்தான் போக வேண்டும்.

ஹைதராபாத் 78, பெங்களூரு 71, கோயம்புத்தூர் 69, புனே 60. புனேயில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது, இந்தி அரைகுறை. அதோடு அந்த ஊரைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டேன். புனேக்கு நான் செய்தது நியாயமில்லைதான்.

கோயம்புத்தூரைத்தான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நல்ல தண்ணீர், நல்ல மனுஷர்கள், தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் ஐ.டி. கம்பெனிகளுக்குக் குறைவில்லை. நானும் இரண்டு இடத்தில் இன்டர்வியூ போனேன். போனபோது என் சீனியர் ஒருத்தர் கேட்ட கேள்வி நிறுத்திவிட்டது: "அந்த வேலையும் போச்சுன்னா, அடுத்த வேலை அதே ஊர்ல கிடைக்குமா?" பணப் பரிவர்த்தனை மென்பொருளில் எனக்கு ஐந்து வருஷ அனுபவம். அந்த வேலைக்கு அங்கே நான் போகக்கூடிய இடங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் போலிருந்தது. அந்த வருஷம் பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வேலை இழந்துகொண்டிருந்தார்கள். ஒரு ஊரில் முதல் வேலை கிடைக்கிறதா என்று மட்டும் பார்க்கக்கூடாது, வீடு மாறாமல் இரண்டாவது வேலைக்குப் போக முடியுமா என்றும் பார்க்க வேண்டும். இதை அட்டவணையில் நான் சேர்க்கவே இல்லை.

மேனேஜரிடம் கேட்டு, முடிவு சொல்வதற்கு முன் ஹைதராபாத் ஆபீஸில் ஒரு வாரம் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. ஹோட்டலில் தங்காமல் மாதாப்பூரில் ஒரு பி.ஜி.யில் நாள் வாடகைக்கு இடம் பிடித்தேன். சனி, ஞாயிறில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் எந்த ஊரும் பிடித்துப்போகும். திங்கள் காலை எட்டரைக்கு அந்த ஊர் எப்படி இருக்கிறது, புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு பி.ஜி.யில் என்ன போடுகிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

சொல்லப்போனால் ஹைதராபாத் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ்தான் சொன்னார்கள். சாலைகள் அகலம். ராயதுர்கத்தில் மெட்ரோ ஏறினால் அமீர்பேட்டில் இறங்கி வேறு லைன் மாறிக்கொள்ளலாம். பெண்கள் பாதுகாப்புக்கான தெலங்கானா போலீஸின் ஷீ டீம்ஸ் 2014-லிருந்து இருக்கிறது, அதன் நம்பரை பி.ஜி. சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். மொழியும் பெரிய சிக்கல் இல்லை. எங்கள் கரிசல் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய, எங்கள் தெருவிலேயே பாதி வீடு அப்படித்தான். அந்தத் தெலுங்கைத் தைரியமாக ஆபீஸில் பேசினேன். சுற்றி இருந்தவர்கள் ஐந்து நிமிஷம் சிரித்தார்கள். அவர்கள் பாட்டி காலத்துத் தெலுங்காம் அது. ஆனால் மறுநாளிலிருந்து எல்லோரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

வியாழன் ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா போன் பண்ணினாள். ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யணும் என்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் எல்லாம் கிளம்பியிருந்தது. காலையில் மதுரைக்கு விமான டிக்கெட் பார்த்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் காட்டியது. போடலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அதுவும் இல்லை. வெள்ளி சாயங்காலம் சென்னைக்குப் பஸ், சனி காலை கோயம்பேட்டில் இறங்கி இன்னொரு பஸ், மதுரையில் இறங்கி இன்னொன்று. சனி ராத்திரி ஒன்பதரைக்குக் கோவில்பட்டி. ஆபரேஷன் முடிந்து ஆச்சி அரைமயக்கத்தில் இருந்தாள். "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஹைதராபாத்துக்கே போயிருப்பேன்.

எக்செல்லில் ஊருக்குத் தூரம் என்ற வரிசையை 5-லிருந்து 25 ஆக்கினேன். பெங்களூரு ஜெயித்தது. அட்டவணையை என் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டேனே என்றால், ஆமாம், வளைத்தேன். அந்த எண்ணை முதலில் தப்பாகப் போட்டதுதான் பிழை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் ஹைதராபாத், பெங்களூரு, கோவில்பட்டி மூன்றும் ஒரே சாலையில், தேசிய நெடுஞ்சாலை 44-ல்தான் இருக்கின்றன. கிலோமீட்டரை அளந்து பயன் இல்லை. திடீரென்று ஒரு போன் வருகிறது, கையில் ரிசர்வேஷன் இல்லை, எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் நிற்பாய்? இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். பெங்களூரிலிருந்து மைசூரு–தூத்துக்குடி ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் கோவில்பட்டி. ரயில் இல்லாவிட்டால் மதுரைப் பக்கம் போகும் ஏதாவது ஒரு பஸ். வடக்கே, மேற்கே இருந்து வருகிறவர்களுக்கு அவரவர் ஊரை வைத்து இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். விஜயவாடாக்காரத் தோழி ஒருத்திக்கு இதே கணக்கில் ஹைதராபாத் வந்தது.

ஆகஸ்டில் பெங்களூரு வந்தேன். ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ஏரியாவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில், ஐ.டி.பி.எல். டெக் பார்க் பக்கம். கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் இந்திராநகரில் இருந்தார்கள். கலகலப்பான இடம், மரங்கள், நடந்து போகும் தூரத்தில் நல்ல காபி. "மெட்ரோ இருக்குல்ல, நேரா போயிடலாம்" என்றார்கள். இரண்டு பேர் பகிரும் அறைக்கு 14,000 ரூபாய் கொடுத்துச் சேர்ந்தேன்.

மெட்ரோ இருந்தது. பையப்பனஹள்ளி வரை ஒரு துண்டு, கே.ஆர்.புரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை மார்ச்சில் திறந்த இன்னொரு துண்டு. நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு ரயில் இல்லை. இறங்கி, இணைப்புப் பஸ்ஸுக்கு நின்று, கே.ஆர்.புரம் நெரிசலில் ஊர்ந்து, மறுபடி படியேறி ரயில் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் கோடு பார்த்தால் ஒரு விரல் நகம் அளவுகூட இருக்காது. அந்த நகத்துக்குத் தினமும் காலையில் அரை மணி, சாயங்காலம் முக்கால் மணி போனது. அக்டோபர் 9-ம் தேதி அந்த இடைவெளி திறந்தபோது ரயிலில் நாங்கள் கை தட்டினோம். எனக்காவது இரண்டு மாதத்தில் முடிந்தது. எலக்ட்ரானிக் சிட்டி ஆபீஸைத் தேர்ந்தெடுத்த சகா ஒருவர், மஞ்சள் லைன் வரப்போகிறது என்று நம்பி ஜெயநகர் பக்கம் வீடு எடுத்தார். அந்த லைன் 2025 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது, அதுவும் ஆரம்பத்தில் 25 நிமிஷத்துக்கு ஒரு ரயில். இன்றைக்கு ஓடுகிற ரயிலைப் பார்த்து வீடு எடுங்கள். வரப்போகும் ரயிலுக்கு வாடகை கொடுக்காதீர்கள்.

பஸ்ஸிலும் ஒரு ஏமாற்றம், சின்னதுதான். சென்னையில் வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கர்நாடகத்தில் இதே மாதிரியான சக்தி திட்டம் நான் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் தொடங்கியிருந்தது. ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை வேண்டும். என் ஆதாரில் கோவில்பட்டி. கண்டக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

செப்டம்பர் கடைசியில் காவிரிப் பிரச்சினை. 26-ம் தேதி பெங்களூரு பந்த், 29-ம் தேதி கர்நாடக பந்த். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து சித்தி, மதினி, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாகப் போன். டி.வி.யில் பார்ப்பவர்களுக்கு ஊரே எரிவது போலத் தெரிந்திருக்கிறது. ஆபீஸில் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். பி.ஜி. சமையல்கார அம்மா, காவிரிப் பாசன ஊரான மண்டியாக்காரர், "நீங்க தமிழ், நான் மண்டியா, ரெண்டு பேருக்கும் இன்னைக்கு சித்ரான்னாதான்" என்று தட்டை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காது என்று உறுதி சொல்லவும் மாட்டேன். அந்த மாதிரி நாளில் வெளியே போகாமல் இருப்பதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் அந்த வாரம்தான் கன்னடம் கற்க ஆரம்பித்தேன். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் போனால் தமிழிலேயே காய்கறி பேரம் பேசலாம், அதனால் தேவையில்லை என்று தோன்றும். தேவைதான். "கன்னட கலித்தா இத்தீனி" (கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று ஒரு வரி தட்டுத்தடுமாறிச் சொன்னால் ஆட்டோக்காரர் முகமே மாறுகிறது. அதற்குப் பிறகு அவரே தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார், அது வேறு விஷயம்.

ஜனவரியில் குந்தலஹள்ளிக்கு மாறினேன். ஆபீஸ் மூன்று ஸ்டேஷன். புதுக் கட்டடம், தனி அறை, 15,000. மாதம் இரண்டு ஆனதும் மார்ச் வந்தது, தண்ணீர் போயிற்று. 2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றிய கதை நாடே பேசியது. அதில் அதிகம் அடிபட்டது மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்டு போன்ற புதிய புறநகர்கள்தான். காவிரிக் குழாய் அந்தப் பகுதிகளில் பல இடங்களுக்கு அப்போது வந்து சேரவில்லை. ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் அந்த வருஷம் அக்டோபரில்தான் தொடங்கியது. எங்கள் பி.ஜி.யில் காலை பத்து மணிக்கு மேல் குழாயில் காற்றுதான் வரும். தலைக்கு இரண்டு பக்கெட். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். காரே இல்லாத நாங்கள் அதைப் படித்துச் சிரித்தோம். வாரத் துணியை பையில் கட்டிக்கொண்டு இந்திராநகர் தோழிகளிடம் போய்த் துவைத்துவிட்டு வந்தேன். எந்த ஏரியாவைத் தப்பு என்று விட்டு வந்தேனோ அங்கே காவிரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கோவில்பட்டியில் பிறந்தவளுக்கு இது தோன்றாமல் போனதுதான் வெட்கம். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த ஊர். வீடு பார்க்கப் போனால் எங்கள் அம்மா முதலில் கேட்பதே "தண்ணி எப்படி?" என்றுதான். நான் வைஃபை வேகத்தைக் கேட்டேன். இப்போது யார் பெங்களூரில் வீடு பார்த்தாலும், காவிரியா, போரா, இரண்டுமா, போன ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்கினார்களா என்று கேட்கச் சொல்கிறேன். ஓனரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்பார். வாட்ச்மேனிடமும், மாடியில் துணி காயப்போடும் ஆளிடமும் கேளுங்கள். இதே மாதிரி சென்னையில் கேட்க வேண்டியது டிசம்பரில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கெட்ட மாதம் உண்டு. அந்த மாதத்தைப் பற்றி விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

அட்வான்ஸ் என்றதும் ஞாபகம். ஜூலையில் நானும் ஆபீஸ் தோழி ஒருத்தியும் சேர்ந்து ஹூடியில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தோம். வாடகை 32,000. ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். மூன்று லட்சத்து இருபதாயிரம்! சென்னையில் இரண்டு, மூன்று மாதத்துக்கே மூக்கால் அழுதவள் நான். பெங்களூரில் பத்து மாதம் என்பது பழைய வழக்கம், பேசினால் இறங்கி வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பேசினோம். "அப்பா அம்மா வந்து பேசட்டும்" என்றார். என் அப்பா வந்தார், வேட்டி சட்டையில். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார்கள், அட்வான்ஸ் ஐந்து மாதம் ஆனது. எனக்கு நன்றியும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. சம்பாதிப்பது நான், வாடகை கொடுப்பது நான், ஆனால் கையெழுத்துக்கு வேட்டி வேண்டியிருக்கிறது. அதற்கு முன் பார்த்த ஆறு வீட்டில் மூன்று பேர் ஃபேமிலிக்கு மட்டும் என்றார்கள், ஒருத்தர் கறி சமைப்பீர்களா என்றார், ஒருத்தர் சுற்றி வளைத்து என்ன ஆட்கள் என்று கேட்டார். அந்த வீட்டுப் படியை உடனே இறங்கிவிட்டோம்.

ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க அப்பாவைவிட நான்தான் சரி. பதினொரு மாதம் போட்டிருப்பார்கள். ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அப்படி. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தது. அது அங்கே வழக்கம்தான், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போனால் மட்டும் என்று மாற்றி எழுத வைத்தோம். குடிபோன அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பினோம். சிரித்தார், ஆனால் சேமித்து வைத்திருக்கிறார்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? மாறுதலுக்குக் கம்பெனி 75,000 கொடுத்தது. ஆஹா என்று இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் வேலையை விட்டால் முழுதும் திருப்பித் தர வேண்டும் என்பது அடியில் சின்ன எழுத்தில். அதனால் அதை ஒரு வருஷம் தொடவில்லை, தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். சம்பளம் சென்னையைவிட மாதம் 9,000 கூடியது. வாடகை, டிக்கெட், வெளியே சாப்பிடுவது எல்லாம் போக மிஞ்சியது ஏறத்தாழ 1,500. சம்பள உயர்வு என்று நம்பி ஊர் மாறுகிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுவிட்டு மாறட்டும்.

தனிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. வார நாட்கள் ஓடிவிடும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத்தான் ஊர் கடிக்கும். சாப்பிட்டாயிற்று, தூக்கம் வரவில்லை, யாருக்கும் போன் பண்ணத் தோன்றவில்லை. முதல் ஆறு மாதத்தில் இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தது இரண்டுமே ஞாயிறு மூன்று மணிக்கு. ஒரு ஞாயிறு எழுந்து அல்சூர் ஏரிக்கரைக்கு நடந்தேன். அங்கே திருவள்ளுவர் சிலை. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009-ல்தான் திறந்த சிலை அது. இவரே பதினெட்டு வருஷம் காத்திருக்கிறார், நமக்கென்ன என்று தோன்றியது. அதைவிட உதவியது, சனிக்கிழமை காலை பேட்மிண்டன் ஆடும் ஒரு கூட்டத்தில் சேர்ந்தது. காய்ச்சலில் நான் விழுந்தபோது தர்ஷினி என்கிற நின்று சாப்பிடும் ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்து கொடுத்தது அவர்கள்தான். சாம்பாரில் வெல்லம் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

போன மாதம் சித்தி மகன் போன் பண்ணினான். அவனுக்கும் இப்போது அதே நிலை, புனேயா பெங்களூரா என்று. "அக்கா, அந்த எக்செல்லை அனுப்பேன்" என்றான். அனுப்பினேன், சதவீதங்களை மட்டும் அழித்துவிட்டு. அடுத்த செவ்வாய் கிளம்பிப் போய் பத்து நாள் புனேயில் பி.ஜி.யில் இருந்து பார்க்கப்போகிறான். ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலிருந்து அறை வரை ஒரு தடவை நடந்து பார் என்றேன். "நான் பையன்தானே அக்கா" என்றான். நாய் எல்லோரையும்தான் கடிக்கும் என்றேன். அப்புறம் பொங்கல் டிக்கெட்டைப் பற்றிப் பேசினோம். இப்போது அறுபது நாளைக்கு முன்தான் ரிசர்வேஷன் திறக்கிறது, முன்னே மாதிரி நாலு மாதம் இல்லை. காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்வதாக முடிவு.